சமாதி மேட்டில் பேச்சுப்பெட்டி

சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: உலகம் தோன்றிய நாள்முதல் இன்றுவரை செத்துப்போன எவருக்கும் கிட்டாத பெரும்பேறு ஒன்று, சியோல் நகரத்துக் கிழக்குக் கோட்டை வாசலைத் தாண்டி அரை நாள் நடையில் இருக்கும் ஆந்தைப்பள்ளம் என்னும் மலைச்சரிவில், பச்சைப் புல் போர்த்துப் படுத்திருக்கும் பெரியவர் சிம் அவர்களுக்குக் கிட்டியது. அன்னாருக்கு டெலிபோன் வந்தது.

உயிரோடு இருந்தவர்களிலேயே அரண்மனையிலும் நாலைந்து இலாகாக்களிலும் உள்ளவர்களைத் தவிர வேறு எவருக்கும் அந்த வருஷம் அது கிடையாது. பெரியவரோ ஆறு மாதத்துக்கு முன்பே, வைத்தியர் கேட்ட ஜின்செங் வேரின் விலையைக் காதால் கேட்ட மாத்திரத்தில், இருமி இருமிப் போய்ச் சேர்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். அப்பன் செத்தால் மகன் உத்தியோகத்தை உதறிவிட்டு, முரட்டுச் சணல் துணி உடுத்தி, சமாதிக்குப் பக்கத்தில் குடிசை போட்டு, மூன்று வருஷம் காலையும் மாலையும் 'அய்கோ, அய்கோ' என்று வாய்விட்டு அழவேண்டும் என்பது முறை. மகன் சிம் இல்சோப், துணை மந்திரி. துணை மந்திரியின் இருக்கை மூன்று வருஷம் காலியாகக் கிடந்தால் தானாக நிரம்பிவிடும் இயல்புடையது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். இன்னொருவரின் அப்பன் செத்தபோதுதான் அவரே அதில் உட்கார்ந்தார்.

ஆகவே கம்பி. சியோல் வீட்டில் ஒரு பெட்டி, சமாதியில் ஒரு பெட்டி. மகன் அங்கே அழுவார். அழுகை இங்கே வந்து சேரும். கண்ணீர் வராதே என்று யாரோ கேட்டதற்கு, குலத்துச் சித்தப்பா ஒருவர் பழைய நூலைப் புரட்டி, "அழுகைச் சத்தம்னுதான் போட்டிருக்கு. ஈரம்னு எங்கேயும் போடலை" என்று தீர்ப்புச் சொன்னார்.

சமாதிக்கு நிலம் பார்க்கும் ஜோசியர் பேக் முதலில் தாம்தூம் என்று குதித்தார். மலைக்குள் படுத்திருக்கும் டிராகனின் முதுகில் ஆணி அடிப்பதுபோல் கம்பம் நடுகிறார்களே என்று மண்ணில் விழுந்து புரண்டார். அவர் வீட்டுக்கு இரண்டு சுருள் பட்டும் ஒரு கட்டுக் கருவாடும் போயின. மறுநாள் திசைகாட்டியோடு வந்து மறுபடி பார்த்தார். அது கம்பி இல்லையாம், டிராகனின் மீசையாம்.

பிறகு வணக்கப் பிரச்சினை. உயிரோடு இருப்பவருக்கு ஒரு முறை விழுந்து கும்பிடுவது, செத்தவருக்கு இரண்டு முறை, அரசருக்கு நாலு. பெட்டிக்கு எத்தனை? குதிரைமயிர்த் தொப்பி அணிந்த குலத்து மூத்தவர்கள் ஏழு பேர் மூன்று மணி நேரம், இரண்டு ஜாடி அரிசிக் கள் தீரும்வரை, யோசித்தார்கள். பெட்டிக்கு ஒன்று, சமாதி மேட்டுக்கு இரண்டு என்று முடிவாயிற்று. இதைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரனுக்கே இது தோன்றியிருக்காது.

இத்தனையையும் பின்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் சூன்ரே. சமாதிக் காவல்காரன் சாம்போக்கின் மனைவி. மலையடிவாரத்தில் அவர்களுக்கு ஒரு மண்வீடு. அதை ஒட்டி நாலு துண்டு நெல்வயல். சமாதி வயல் என்று அதற்குப் பெயர். சமாதியைப் பார்த்துக்கொள்கிறவன் அதில் விளைவதைத் தின்னலாம். அந்த வருஷம் மழை பொய்த்து நாலில் இரண்டுதான் கதிர் பிடித்தது. ஊரில் பாதிப்பேர் கம்பிதான் மேகத்தை உறிஞ்சிவிட்டது என்றார்கள். மீதிப்பேர் அதே கம்பத்தில் மாட்டைக் கட்டினார்கள்.

சூன்ரே சிம் வீட்டில் அடிமையாகப் பிறந்தவள். ஐந்து வருஷத்துக்கு முன் அடிமை முறையை ஒழித்து ஆணை வந்தது. அதுவரை அவள் பார்த்த வேலை அழுவது. சிம் குலத்தில் யார் செத்தாலும் பாடைக்கு முன்னால் தலைவிரித்து அழுதுகொண்டே நடக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் அழுதால் முகத்து மாவு கலைந்துவிடும் என்பதற்காக வளர்க்கப்பட்டவள் அவள். ஆணை வந்த பிறகும் பெரியவரின் பாடைக்கு முன்னால் அவள்தான் நடந்தாள். அன்றைக்குத் தொண்டை மட்டும்தான் அழுதது.

பெட்டி வந்ததும் சாம்போக்குக்கு வேலை கூடியது. விடியலில் ஒரு மணி அடிக்கும், அந்தியில் ஒரு மணி. உடனே மேலே ஏறி, பெட்டியைக் கும்பிட்டு, மேட்டைக் கும்பிட்டு, கயிற்றில் தொங்கும் கேட்குழலை எடுத்து மேட்டுப் புல்லின்மேல் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். அழுகை நின்றதும் பெட்டியின் வாயருகே போய், "பெரியவர் கேட்டுக்கொண்டார்" என்று சொல்லிக் குழலை மாட்ட வேண்டும். அந்த வாசகத்தையும் ஏழு தொப்பிகள்தாம் தீர்மானித்தன.

பத்தாம் மாதம் கம்பத்தின் உச்சியில் மேக்பை என்கிற நீள்வால் குருவி ஒன்று கூடு கட்டியது. துணை மந்திரியின் துக்கத்தில் குருவிச் சத்தம் கலக்கிறது என்று உத்தரவு வந்தது. கூட்டைக் கலைக்க ஏறிய சாம்போக் கூட்டோடு கீழே வந்தான். குருவி பறந்துவிட்டது. அவனுக்குக் கால் ஒடிந்தது.

"இந்தா, நீ போய்ப் பிடிச்சுட்டு வா," என்றான், அடுப்புப் புகை அடியில் ஓடிச் சூடேற்றும் தரையில் படுத்துக்கொண்டு.

"நான் அந்த ஆளுக்கு உசிரோட இருக்கையில பிடிச்சது போதாதா?"

"கொழாயத்தானே பிடிக்கச் சொல்றேன். எச்சில் கிண்ணத்தையா பிடிக்கச் சொல்றேன்?"

"ரெண்டும் ஒண்ணுதான். அதுல துப்புவாரு, இதுல துப்ப மாட்டாரு."

போனாள். மலை முழுக்க வெள்ளைப் பனி. விடியல் வெளிச்சம் பைன் மரங்களுக்கு நடுவே சாம்பல் கரைத்த தண்ணீர்போல் இருந்தது. மணி அடித்தது. கும்பிட்டாள். குழலை மேட்டில் கவிழ்க்கப்போனவள், அதிலிருந்து கிண்ணத்துக்குள் அகப்பட்ட ஈ மாதிரி வந்த சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றாள்.

"அய்கோ... அய்கோ... அய்ய்—கோ..."

மூன்றாவது அய்கோவில் குரல் உடைந்து, மூக்கு ஒரு முறை உறிஞ்சியது.

அது துக்கம் இல்லை, தொழில். அந்த உறிஞ்சல் யாருடையது என்று சூன்ரேவுக்குத் தெரியும். அதை நிறுத்தச் சொல்லி முதுகில் நாலு போட்டவளே அவள்தான். குழலை மேட்டுக்கு முன்னாலிருந்த படையல் கல்மேசையில் வைத்து, அழுகை முடியும்வரை காத்திருந்து, அதை எடுத்துக்கொண்டு பெட்டியின் வாயருகே போனாள்.

"பெரியவர் கேட்டுக்கொண்டார்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏண்டி யூவோல், மூணாவதுல மூக்கை உறிஞ்சாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"யாரு... சூன்ரே அக்காவா?" யூவோல் சியோல் வீட்டில் இன்னும் வேலை பார்ப்பவள், சூன்ரேவோடு சேர்ந்து அழப் பழகியவள். "அக்கா! செத்தவங்கதான் பேசுறாங்கன்னு எழுந்து ஓடப் பாத்தேன்!"

"செத்தவரு உன் மூக்கைப் பத்தியா பேசுவாரு? அது கெடக்கட்டும், எசமான் எங்க?"

"தூங்குறாரு. பதினோரு நாள்தான் அழுதாரு, அக்கா. பன்னெண்டாம் நாள் தொண்டை கட்டிக்கிச்சு. மந்திரி சபையில பேசணுமாம். குரலைத் தடிமனா வெச்சுக்கிட்டு நீயே அழுன்னுட்டாரு. கணக்குப்பிள்ளை வெளியில கதவைச் சாத்திக் காவல் நிக்கிறான்."

"தடிமனா எங்கடி வெச்சே? கெடா கத்துற மாதிரியில்ல இருக்கு."

"எசமானும் அப்படித்தான் அழுதாரு. நீ கேக்கலையே! சரி, அங்க மேட்டுமேல ஒழுங்கா வைக்கிறீங்களா? நான் இங்க நெஞ்சு வலிக்க அழுறேன்."

"இந்தப் பனியிலயா? கல்மேசை மேல வெச்சுட்டு, கையை அக்குளுக்குள்ள விட்டுக்கிட்டு நின்னேன்."

"அப்ப நான் கல்லுக்கா அழுதேன்?"

"யாருக்கு அழுதாலும் கல்லுக்குத்தான் அழுதே. உசிரோட இருந்தப்ப மட்டும் அந்த மனுசன் வேற என்னவாம்?"

யூவோல் சிரித்த சிரிப்பில் குழல் கரகரத்தது. சூன்ரேவும் சிரித்தாள். சமாதியில் சிரித்த பாவத்துக்குத் தரையை மூன்று முறை மிதித்துத் துப்பிவிட்டு இறங்கினாள்.

இப்படியாக, அழாத மகனுக்காக அழுகிறவளும், கேட்காத அப்பனுக்காகக் கேட்கிறவளும் நாளுக்கு இரண்டு வேளை சந்தித்துக்கொண்டார்கள். அழுகை பத்தே பத்து அய்கோவில் முடிந்துவிடும். மீதி நேரம் வேலை நடக்கும். சியோலில் குதிரையில்லாமல் ஓடும் வண்டியில் ஏறியவர்கள் இறங்க மனமில்லாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்களாம். மூன்றாவது மருமகளுக்கும் மாமியாருக்கும் ஆறு நாளாகப் பேச்சில்லையாம். குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறப்போட்டாயா, உப்பு இறால் போட்டாயா, போடவில்லையென்றால் அது என்ன ஊறல், வைக்கோலா?

நாகரிகம் என்பது இதற்குத்தான் வந்தது என்றால் சூன்ரேவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

பதினோராம் மாதம் ஓர் அந்தி. காற்று இல்லை. பைன் ஊசி ஒன்று விழுந்தால்கூடக் கேட்கும். யூவோல் உப்பு விலையைச் சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அக்கா, பக்கத்துல யாரு?"

"யாருமில்லையே."

"மாமா ஏறி வந்திருக்காரா?"

"அவரு காலை நீட்டிக்கிட்டு வீட்டுல கெடக்காரு. ஏன்?"

"அப்போ யாரு இருமுறாங்க?"

சூன்ரே திரும்பினாள். மேடு. கல்மேசை. காவலுக்கு நிறுத்திய இரண்டு கல் ஆடுகள். அவற்றின் முதுகில் பழைய பனி.

"எப்படி இருமுறாங்க?" என்றாள். குரல் அவளறியாமல் சன்னமாகிவிட்டது.

"ரெண்டு சின்னதா... அப்புறம் ஒண்ணு நீளமா... அப்புறம் துப்ப எடம் தேடுற மாதிரி ஒரு..."

யூவோல் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. சிம் வீட்டு முற்றத்தில் அந்த இருமல் கேட்டால் இருபது வேலைக்காரர்களும் கைக்கு அகப்பட்டதை எடுத்து ஏதாவது வேலை செய்வார்கள். துடைப்பம் கிடைக்காதவன் சுவரைத் துடைப்பான். சூன்ரே பார்த்தபோது அவள் முதுகு தானாக நிமிர்ந்திருந்தது. குழல் பிடிக்காத கை அக்குளிலிருந்து வெளியே வந்திருந்தது.

"அக்கா," என்றாள் யூவோல், "நான் அழ ஆரம்பிக்கிறேன்." அன்றைக்கு நாற்பது அய்கோ அழுதாள். ஒன்றில்கூட மூக்கு உறிஞ்சவில்லை.

சூன்ரே குழலை மேட்டின்மேல்தான் வைத்திருந்தாள்.

மறுநாள் விடியலில் மலை எங்கும் உப்புத் தூவியதுபோல் பனி. மேடும் வெள்ளையாக இருந்தது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. உள்ளங்கையளவு. பச்சைப் புல் அப்படியே மடங்கி ஈரமாக, யாரோ நேரம்போவது தெரியாமல் காதை வைத்துப் படுத்திருந்த மாதிரி. முந்தின மாலை அவள் குழலை வைத்த இடம் அது இல்லை. அதைவிடப் பெட்டிக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தது.

"முயல் படுத்திருக்கும்," என்றான் சாம்போக்.

"முயலு ஒத்தைக் காதை மட்டும் வெச்சா படுக்கும்?"

"அப்போ பாதி முயல்."

இரண்டாம் நாள் அந்த இடம் மேட்டின் விளிம்புக்கு வந்திருந்தது. நாலாம் நாள் கல்மேசையின்மேல் இருந்தது. கல்லில் பனி உருகி, விளிம்பு வளைந்து, கீழே தொங்கும் சதைபோல் ஒரு சின்ன வட்டம். காது மடலேதான். சூன்ரே அதைச் சுற்றிக்கொண்டு பெட்டிக்குப் போனாள். தாண்டிப் போக மனம் வரவில்லை. அவளுக்கு ஒருநாள்கூட எந்த இருமலும் கேட்கவில்லை. சமாதிக்குப் பத்தடியில் நிற்கிற அவளுக்குக் கேட்காதது, அரை நாள் நடைக்கு அப்பால் நிற்கிற யூவோலுக்குக் கேட்டது.

ஆறாம் நாள் யூவோல் சொன்னாள்: "அக்கா, இன்னைக்குப் பேசிடுச்சு."

"என்னன்னு?"

"என் மவன் எங்கேன்னு கேட்டுச்சு."

"நீ என்னடி சொன்னே?"

"ஆபீஸுக்குப் போயிருக்காருன்னேன். வேற என்ன சொல்றது? பொய் சொல்லிப் பழகின வாயி, தானா வந்துடுச்சு."

"அதுக்கு?"

"'அப்போ நீ யாரு?'ன்னுச்சு."

அதை யூவோல் சொன்னபோது கதவுக்கு வெளியே கணக்குப்பிள்ளையும் கேட்டுக்கொண்டிருந்தான். காவலுக்கு நிற்கிறவனுக்கு வேறு என்ன வேலை. அன்றிரவே எசமான் காதில் போட்டான். மறுநாள் விடியலில் மணி அடித்தபோது குழலில் அய்கோ வரவில்லை. எசமானே தொண்டையைச் செருமினார், மூச்சு வந்தது, பிறகு அந்தப் பக்கத்துக் குழல் மரத்தில் மோதி விழுகிற சத்தம். அப்புறம் வெகுநேரம் கம்பி இரைச்சல் மட்டும்.

மூன்றாம் நாள் நிலம் பார்க்கும் பேக் திசைகாட்டியோடு வந்தார். மேட்டை மூன்று சுற்றுச் சுற்றி, மண்ணை எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடினார். சமாதிக்குள் தண்ணீர் ஏறிவிட்டதாம். பெரியவர் இடுப்பளவு ஈரத்தில் கிடக்கிறாராம். இருமாமல் என்ன செய்வார்? தெற்கே சூவோன் பக்கம் சிம் குலத்துக்கு இன்னொரு மலை இருக்கிறது. பன்னிரண்டாம் மாதம் இருபதாம் தேதிக்குள் அங்கே மாற்றியாக வேண்டும். இதே இடத்தை நாட்டிலேயே வறண்ட, உத்தமமான இடம் என்று போன வசந்தத்தில் சொன்னவரும் அவர்தான். அந்த வசந்தத்துக்குப் பிறகு ஒரு சொட்டு மழை பெய்யவில்லை என்பதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

கூட வந்த காரியஸ்தனிடம் சாம்போக் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே கேட்டான்: "அப்போ இந்த வயலுங்க?"

"சமாதி போனா சமாதி வயல் எதுக்கு? வித்துட்டு அங்க வாங்குவாங்க."

"நாங்க?"

"சமாதியே இல்லாத எடத்துல காவல்காரன் எதைக் காப்பான்? உன் காலையா?"

சூன்ரேவின் பெரிய பெண் அடுப்புக்கு முன்னால் முட்டியைக் கட்டிக்கொண்டு இதைக் கேட்டாள். சின்னவளுக்கு நாலு வயசு. அவள் கேட்கவில்லை, முள்ளங்கி ஊறலை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நடுக் குளிர்காலம். ஒடிந்த காலோடு புருஷன், இரண்டு பெண்கள், போக ஓரிடம் கிடையாது.

அன்று பகல் முழுக்க சூன்ரே வைக்கோலைப் பிரித்துக் கயிறு திரித்தாள். பிற்பகலில் நிறுத்தினாள்.

"சமாதியைத் தொறக்கிறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறவரு கிட்டச் சொல்லணுமே," என்றாள்.

"ஆமா. அது முறைதான். யாரு வந்து சொல்லுவா?"

"எசமான் சொல்லணும். மகன்தான் சொல்லணும். ஆனா இங்க வர மாட்டாரு. பதினஞ்சாம் தேதி அந்தியில கம்பியில சொல்லுவாருன்னு யூவோல் சொன்னா."

"அதுக்கு?"

"பெரியவரு, 'வேணாம், நான் இங்கயே இருக்கேன்'னு பதில் சொல்லிட்டா?"

சாம்போக் அவளைப் பார்த்தான். "பெரியவரு எதுக்குடி சொல்லப்போறாரு?"

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு சின்னதாக, ஒன்று நீளமாக இருமினாள். பிறகு துப்ப இடம் தேடினாள்.

சாம்போக் ஒடிந்த காலோடு எழுந்து நின்றுவிட்டான். அடுப்படியில் பெரியவள் சட்டென்று விறகை அடுக்க ஆரம்பித்தாள்.

"ஏ, வேணாம்டி. அது... அதைச் செய்யாதே."

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கறதாலதான் வேணாங்கறேன். அந்த ஆளு கேட்டா?"

"எந்த ஆளு?"

"ரெண்டு பேருல யாராச்சும்."

"இத்தனை வருசம் அவுங்களுக்காக அழுதேன், பொய்தானே? யாரும் வந்து கேக்கல. ஒரு தடவை என் வயித்துக்காக இருமறேன். இதுக்கு மட்டும் வந்து கேப்பாங்களோ?"

சாம்போக் நீளக் குழாயில் புகையிலையை அடைத்தான், பற்றவைக்க மறந்துவிட்டான்.

பதினைந்தாம் தேதி அந்தியில் சூன்ரே தனியாக ஏறினாள். கிழக்கே பௌர்ணமி, இன்னும் வெளுப்பாக, காகிதம் ஒட்டியதுபோல் தெரிந்தது. மலை மறுபடி பனி பூக்கத் தொடங்கியிருந்தது. பனி இல்லாத அந்த இடம் இப்போது பெட்டி நிற்கும் கம்பத்தின் அடியில் இருந்தது. அவள் நிற்க வேண்டிய இடமும் அதுதான். வேறு வழியில்லை. இரண்டு காலையும் அகட்டி, அது நடுவில் வரும்படி நின்றாள். வைக்கோல் செருப்புக்குள் பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. அது பிடிக்கவில்லை.

மணி அடித்தது. பெட்டிக்கு ஒன்று கும்பிட்டாள். மேட்டுக்கு இரண்டு கும்பிடப்போய், இன்றைக்குத் தானே பெரியவர் என்பது நினைவுக்கு வர, ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். குழலை எடுத்துத் தன் காதில் வைத்தாள்.

"அப்பா," என்றது குழல். துணை மந்திரியின் குரல். மந்திரி சபையில் பேசும் குரல். "தங்கள் மகன் இல்சோப், நெற்றி தரையில் பட, விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில், தாங்கள் பள்ளிகொண்டிருக்கும் ஸ்தலத்தில் ஈரம் கண்டிருப்பதால்..."

சூன்ரே பெட்டியின் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். மூச்சை இழுத்தாள். இரும வேண்டியதுதான் பாக்கி.

"...அப்பா?" என்றார் மகன்.

அவள் இன்னும் இருமவில்லை.

"ஆமாப்பா. நான்தான்." சபைக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "நானேதான்ப்பா. இல்சோப்."

இழுத்த மூச்சு சூன்ரேவின் நெஞ்சிலேயே நின்றது. உள்ளங்கையால் பெட்டியின் வாயை இறுகப் பொத்தினாள். தன் மூச்சுக்கூட அதற்குள் போகக்கூடாது என்பதுபோல.

"இல்லப்பா... வேலை இருந்துச்சு... பதினோரு நாள். ... ஆமா, பதினோரு நாள்தான். ... அது அவ அழுதா. ... யூவோல். ... இல்ல, அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் சொன்னேன்."

நடுநடுவே மகன் நிறுத்திக் கேட்டார். அந்த இடைவெளிகளில் சூன்ரேவின் காதுக்குக் கம்பி இரைச்சல் மட்டும் வந்தது. காற்று இல்லை. கல் ஆடுகள் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"பேக்தான் தண்ணின்னு சொன்னான். ... இல்லையா? வறண்டு கெடக்கா? ... சரிப்பா. ... சரி, நகத்தல. ... எதையும் தொறக்கல. ... யாரு? நானா? ... எப்போ? ... நாளைக்கேவா? பயங்கரக் குளிருப்பா அங்க..." வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு சின்னப் பையன்போல், "சரிப்பா" என்றார். "வரேன்ப்பா."

மூச்சு விடலாமா என்று சூன்ரே நினைத்தபோது குழல் மறுபடி பேசியது.

"என்னப்பா? ... கூட நிக்கிறாளா? ... யாரு, சூன்ரேவா?"

குழல் கையிலிருந்து நழுவிக் கயிற்றில் ஆடியது. அவள் பெட்டியின் வாயிலிருந்து கையை எடுத்தாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமல், இரண்டு மாதப் பழக்கம் அவள் வாயைத் திறந்தது.

"பெரியவர் கேட்டுக்கொண்டார்," என்றாள்.

மறுநாள் மதியம் பல்லக்கு வந்தது. சிம் இல்சோப் சணல் துணியில் இறங்கினார். முகத்தில் ரத்தம் இல்லை. யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, சூன்ரேவைத் தவிர. அவளைப் பார்த்ததும் பார்வையை மேட்டுக்குத் திருப்பிக்கொண்டார். கணக்குப்பிள்ளை, காரியஸ்தன், பல்லக்குக்காரர் நாலு பேர், சமையலுக்கு ஒருவன். மேட்டுக்குப் பக்கத்தில் அந்திக்குள் குடிசை எழும்பியது. சமாதியை மாற்றும் பேச்சு அதோடு போயிற்று. வயல் விற்பனையும் போயிற்று. சாம்போக் இரண்டு பெண்களையும் கட்டிக்கொண்டு அழுதான். வீட்டிலேயே உண்மையாக அழத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

ஊர் திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. ஒரு துணை மந்திரி புல் குடிசையில் படுத்து அப்பனுக்காக அழுகிறார்! குலத்துச் சித்தப்பா இதற்காகவே வந்து, பத்துத் தலைமுறைக்குப் பேசப்படும் பக்தி என்று ஒரு சொற்பொழிவு செய்தார். போகும்போது நூலைப் புரட்டி ஒரு வரியும் கண்டுபிடித்துக் கொடுத்தார்: சமாதியில் துக்கம் காப்பவர் சமாதி வயலில் விளைந்ததை மட்டுமே உண்ண வேண்டும், அவருடைய ஆட்களும்.

மூன்றாம் நாள் எசமானுக்குக் குளிர் தாங்கவில்லை. காவல்காரன் வீட்டுச் சூடான தரைக்கு மாறினார். காவல்காரன் குடும்பம் குடிசைக்கு மாறியது. விடியலில் அவர் எழுவதில்லை. ஆகவே மேட்டுக்குப் பக்கத்திலிருந்து சூன்ரே அழுதாள். அந்தியில் அவர் பெட்டிக்கு முன்னால் நின்று சியோலிலிருந்த குமாஸ்தாவோடு இலாகா விஷயம் பேசினார். அப்போதும் அவளே அழுதாள், சத்தமில்லாமல் அழும்படி உத்தரவு.

குடிசையிலிருந்து அவள் ஒவ்வொரு விடியலும் பார்த்தாள். பனியில்லாத அந்த இடம் கம்பத்தடியில் இல்லை. கீழே வீட்டுக்குப் போகும் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பெரிய பாறைக்குப் பக்கத்தில். ஒரு நாள் கிணற்றடியில். பிறகு ஊறல் ஜாடிகள் வைத்திருந்த மேடையில், எசமான் தலைவைத்துப் படுக்கும் அறையின் சுவருக்கு மூன்றடியில். சாம்போக்கிடம் காட்டினாள். இந்த முறை அவன் முயல் என்று சொல்லவில்லை.

"சொல்லிடலாமா?" என்றான்.

"அவரோட அப்பாதானே. பாத்துட்டுப் போகட்டும்."

முதல் மாதம் ஒன்பதாம் தேதி விடியலில் அது அந்த வீட்டின் வாசல் கதவை எட்டியிருந்தது. கதவின் அடிப்பலகையில், ஆள் படுத்தால் காது வரும் உயரத்தில், மரத்தில் பனி உருகி ஈரமாக ஒரு மடல்.

உள்ளே யாரும் இல்லை. எட்டாம் தேதியே சமாதி வயலின் அரிசி கடைசி மணிவரை தீர்ந்துவிட்டதால் துணை மந்திரி சியோலுக்குத் திரும்பிப் போயிருந்தார்.